நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்

லண்டனின் சோஹோ பகுதியில் இருக்கும் பெர்விக் தெரு, பழைய இசைத்தட்டுக் கடைகளுக்குப் பேர்போனது. சனிக்கிழமை காலையில் அங்கே இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கலாம். முதல் வகை நடுத்தெருவில் நின்று செல்ஃபோனை உயர்த்திப் படம் எடுக்கும். ஒயாசிஸ் குழு 1995-ல் கொண்டுவந்த ஆல்பத்தின் அட்டைப்படத்தில் இருப்பது இந்தத் தெருதான். இரண்டாவது வகை அந்தக் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைக்குள் நுழையும். கோடிக்கணக்கில் விற்றுத் தொலைத்த ஓர் ஆல்பத்துக்காகவா இவ்வளவு தூரம் ரயிலேறி வருகிறார்கள் என்பது அதன் விசனம். நம்மவர் இந்த இரண்டாவது வகை.

வயது ஐம்பதுக்கு மேல். தோளில் ஒரு துணிப்பை, எல்.பி. உறை மடங்காமல் நுழைகிற அகலத்தில். முழங்கால் வலி கட்டாயம் உண்டு. கடைக்காரர்கள் விலைபோகிற சரக்கை இடுப்பு உயரத்தில் அடுக்கிவிட்டு, மிச்சத்தைப் பெட்டி பெட்டியாகத் தரையில் தள்ளிவைப்பார்கள். அந்த மிச்சத்தின் முன் மண்டியிட்டே நம்மவரின் பாதி ஆயுள் போய்விட்டது. வலது கையின் இரண்டு விரல்கள் உறைகளைத் தள்ளிக்கொண்டே போகும், உறைக்கு ஒரு நொடி. கடையைவிட்டு வெளியே வரும்போது அந்த இரண்டு விரல் நுனியும் கறுத்திருக்கும்.

அவரிடம் என்ன மாதிரிப் பாட்டு கேட்பீர்கள் என்று விசாரித்தவர்கள் உண்டு.

“அறுபதுகளின் கடைசி, எழுபதுகளின் தொடக்கம். ஃபோக். கொஞ்சம் ராக்.”

“யார் பாடினது?”

ஒரு பெருமூச்சு வரும். “நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.”

இதைச் சொல்லும்போது முகத்தில் வருத்தம் தெரியும். குரலில் மட்டும் ஏனோ ஒரு திருப்தி.

ஓர் ஆல்பத்தின் தரம் அது விற்ற எண்ணிக்கைக்கு நேர் எதிர் விகிதத்தில் இருக்கும் என்பது அவர் சித்தாந்தம். லவ் என்ற கலிஃபோர்னியக் குழு 1967-ல் வெளியிட்ட ‘ஃபாரெவர் சேஞ்சஸ்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 154-ஆம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. அந்த எண்ணை அவர் உச்சரிப்பதைக் கேட்டால், மகள் மாநிலத்தில் முதல் ரேங்க் வாங்கிவிட்டாளோ என்று தோன்றும். மெம்ஃபிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழு மேலும் ஒரு படி உசத்தி. ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் இருந்த பலசரக்குக் கடையின் பெயரைக் குழுவுக்கு வைத்தார்கள். 1972-ல் வந்த முதல் ஆல்பத்துக்கு ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ என்று பெயர் சூட்டினார்கள். விமர்சகர்கள் புகழ்ந்து தள்ளினார்கள். விநியோகித்த ஸ்டாக்ஸ் நிறுவனத்தால் அதைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்கத்தான் முடியவில்லை. விமர்சனம் படித்துவிட்டு வாங்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இந்த இடத்துக்கு வரும்போது நம்மவர் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். ஆனந்தக் கண்ணீர்தான்.

அவருக்குப் பிடித்த எண் 99. அதற்குப் பின்னால் ஒரு வரிச் சட்டம் இருக்கிறது. அந்தக் காலத்து பிரிட்டனில் நூறு பிரதிக்குக் குறைவாக அச்சிட்ட தட்டுக்குக் கொள்முதல் வரி கிடையாது. ஆகவே கைக்காசைப் போட்டு ஆல்பம் கொண்டுவந்த பையன்கள் 99-உடன் நிறுத்திக்கொள்வார்கள். பீட்டர் ஹவெல் என்ற இளைஞரும் அவர் நண்பரும் அஜின்கோர்ட் என்ற பெயரில் 1970-ல் கொண்டுவந்த ‘ஃப்ளை அவே’ நூறைத் தொடாத ரகம். அதே ஹவெல்தான் பிற்பாடு பிபிசியில் வேலைக்குச் சேர்ந்து, 1980-ல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பு இசையைப் புதுப்பித்தவர். அந்த இசையை நாடே கேட்டது. நம்மவருக்கு அதில் அக்கறை இல்லை. நாடு கேட்காத பாதிதான் அவருக்கு வேண்டும்.

உண்மையான வேட்டைக்களம் பெர்விக் தெரு இல்லை, தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் பழைய சாமான் கடைகள்தான். வீட்டில் பெரியவர் காலமானதும் அவருடைய கோட்டு, பீங்கான் கோப்பை, இசைத்தட்டு எல்லாம் அங்கே வந்து சேரும். பெட்டியைக் கிளறினால் முதலில் ஜிம் ரீவ்ஸ், அடுத்து ஜேம்ஸ் லாஸ்ட், அதற்கடுத்து மறுபடியும் ஜேம்ஸ் லாஸ்ட். தப்பித்தவறி நல்லது ஒன்று கையில் தட்டுப்பட்டால் அவர் முகத்தில் சலனமே இருக்காது. கவலையே இல்லாதவராக இன்னும் நாலு பெட்டியைக் கிளறுவார். வேண்டாத தட்டுகள் நாலைந்தை எடுத்து, நடுவில் வேண்டியதைச் செருகிக் கல்லாவுக்குக் கொண்டுபோவார். கல்லாவில் இருப்பவர் சம்பளம் வாங்காமல் சேவை செய்கிற ஒரு பாட்டி.

“ஏம்பா, இத்தனை ஜிம் ரீவ்ஸா? போன வாரமும் வாங்கினாயே.”

“எங்கள் சித்திக்குப் பிடிக்கும்.”

சித்தி இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

வாங்கியதைச் சோதிப்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் கூடையில் போடாத இல்லத்தரசியின் கறார் அப்போது அவரிடம் வந்துவிடும். தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து, வெயிலுக்குச் சாய்த்துக் கீறல் பார்ப்பார். நடுத்துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் இருந்தால், முன்னாள் சொந்தக்காரர் தட்டைத் தடவித் தடவி மாட்டியிருக்கிறார், அடிக்கடி கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு லேபிளுக்கு முன்னால் ஒரு மொட்டை வளையம் வரும். பூதக்கண்ணாடியை எடுத்து அதில் பொறித்திருக்கும் எண்ணை வாசிப்பார். அது எத்தனையாவது அச்சு என்பதற்கு அந்த எண்தான் ஜாதகம். ஜார்ஜ் பெக்கம் என்ற பொறியாளர் தான் வெட்டிய தட்டுகளில் ‘போர்க்கி’ என்று தன் பட்டப்பெயரையும் கிறுக்கிவிடுவார். அந்தக் கிறுக்கல் கண்ணில் பட்டால் நம்மவருக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். கடைசியாக உறையை மூக்கருகே கொண்டுபோவார். பூஞ்சை வாடை இருந்தால் விலையில் பாதி போச்சு.

பாட்டு எப்படி என்று கேட்கிறீர்களா? அதை வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கதைகளில்தான் அவர் மன்னன். வஷ்டி பன்யன் என்ற இளம்பெண் 1968-ல் காதலனோடு குதிரை வண்டியில் ஏறி, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை நோக்கிப் புறப்பட்டார். பாடகர் டோனவன் அங்கே கலைஞர்களுக்காக ஒரு குடியிருப்பு அமைக்கிறார் என்ற நம்பிக்கை. வழியெல்லாம் எழுதிய பாட்டுகளை ஜோ பாய்ட் தயாரித்து, 1970-ல் ‘ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே’ வெளியானது. யாரும் சீந்தவில்லை. வஷ்டி பாட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகளையும் கால்நடைகளையும் வளர்க்கப் போய்விட்டார். 2000-இல் மறுவெளியீடு வந்தபோது புதிய தலைமுறை கொண்டாடியது. 2005-ல் அவர் இரண்டாவது ஆல்பமே போட்டார். பழைய முதல் அச்சு இன்று ஆயிரம் பவுண்டுக்கு மேல் போகிறது. வண்டியை இழுத்த குதிரையின் பெயர் பெஸ் என்பது வரை நம்மவருக்கு அத்துப்படி. மைத்துனரின் இரண்டாவது பையனுக்கு என்ன பெயர் என்று கேட்டால்தான் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்.

அவருக்கும் துக்கங்கள் உண்டு. மிகப் பெரியது 1999-ல் நேர்ந்தது. நிக் டிரேக் என்ற ஆங்கிலேயப் பாடகர் மூன்றே ஆல்பம் போட்டுவிட்டு 1974-ல், 26 வயதில் இறந்துபோனார். உயிரோடு இருந்தவரை எந்த ஆல்பமும் 5,000 பிரதியைத் தாண்டவில்லை என்பார்கள். கால் நூற்றாண்டு காலம் அவர் நம்மவரின் சொந்தச் சொத்தாக இருந்தார். 1999-ல் ஃபோக்ஸ்வாகன் கார்க் கம்பெனி அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில் ‘பிங்க் மூன்’ பாட்டைச் சேர்த்தது. விற்பனை எகிறியது. கார் வாங்கப் போனவர்கள் எல்லாம் நிக் டிரேக்கோடு வீடு திரும்பினார்கள். பாடகர் இறந்த செய்திக்கு இல்லாத துக்கம் இந்த விளம்பரத்துக்கு வந்தது.

அடுத்த இடி ரொட்ரிகெஸ். டெட்ராய்ட்காரர். 1970-ல் ‘கோல்ட் ஃபேக்ட்’, 1971-ல் இன்னொன்று. அமெரிக்காவில் இரண்டும் படுத்துவிட, கட்டடம் இடிக்கிற கூலி வேலைக்குப் போனார். தென்னாப்பிரிக்காவிலோ அவர் தட்டு வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்தது. மேடையிலேயே தீக்குளித்துச் செத்துப்போனார் என்று அங்கே ஒரு வதந்தி. ரசிகர்கள் தேடிப் பிடித்துப் பார்த்தால் மனிதர் டெட்ராய்டில் உயிரோடு இருக்கிறார். 1998-ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் நிறைந்த அரங்குகளில் பாடினார். அவர் கதையைச் சொன்ன ஆவணப்படம் 2013-ல் ஆஸ்கர் வாங்கியது. நண்பர்கள் நம்மவருக்கு ஃபோன் போட்டு, “உங்கள் ஆளுக்குக் கிடைத்துவிட்டது!” என்றார்கள். “இனிமேல் அவர் என் ஆள் இல்லை” என்று பதில் வந்தது.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் லிண்டா பெர்ஹாக்ஸ் பற்றி ஆரம்பித்தார். பெவர்லி ஹில்ஸில் பல் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். அவரிடம் பல்லைக் காட்ட வந்த லெனார்ட் ரோசன்மன் என்ற திரைப்பட இசையமைப்பாளர் அவர் பாடுவார் என்பதைத் தெரிந்துகொண்டு, 1970-ல் ‘பேரலலோகிராம்ஸ்’ ஆல்பத்தைத் தயாரித்தார். பதிவான இசைக்கும் அச்சாகி வந்த தட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒலி அவ்வளவு மோசம். லிண்டா தன் பிரதியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் பல் சுத்தம் செய்யப் போனார். இரண்டாவது ஆல்பம் வந்தது 2014-ல். நடுவில் 44 வருடம்.

“அந்த 44 வருடம்தான் அழகே” என்றார் நம்மவர்.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். “யாருக்கு அழகு அப்பா? அவங்க அத்தனை வருஷமும் ஊரார் பல்லைத்தானே தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க?”

அவர் அந்தத் தட்டின் பதிவு எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார். பிறகு குழம்பை நகர்த்தச் சொன்னார்.

வீட்டில் அவருக்கு ஓர் அறைதான் என்று திருமணத்தின்போது ஒப்பந்தம். ஒரு எல்.பி. உறையோடு கால் கிலோ என்று வைத்தால் 4,000 தட்டு ஒரு டன். அறை நிறைந்து, கூடம் நிறைந்து, இப்போது மாடிப்படி வரை வந்தாயிற்று. ஐக்கியா கம்பெனியின் எக்ஸ்பெடிட் அலமாரிக் கட்டங்கள் எல்.பி.க்கு அளவெடுத்துச் செய்த மாதிரி அமைந்தவை. 2014-ல் அதை நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் உலகெங்கும் இசைத்தட்டுக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். பதிலுக்கு வந்த காலக்ஸ் அலமாரியிலும் தட்டு நுழையும் என்று தெரிந்த பிறகே அமைதி திரும்பியது. நம்மவர் அதற்குள் பழையதில் ஆறு வாங்கிப் பிரிக்காமல் கார் ஷெட்டில் வைத்துவிட்டார். கார் தெருவில் நிற்கிறது.

2022-ல் அமெரிக்காவில் எல்.பி.க்கள் எண்ணிக்கையில் சி.டி.யை முந்தின, 1987-க்குப் பிறகு முதன்முறையாக. முப்பது வருடமாகத் தட்டுதான் உசத்தி என்று வாதாடியவர் வெற்றியைக் கொண்டாடியிருக்க வேண்டும். நொந்துபோனார். சாமான் கடைப் பாட்டியின் இடத்தில் ஓர் இளைஞன் வந்து, ஒவ்வொரு தட்டுக்கும் சந்தை விலை பார்த்துச் சீட்டு ஒட்டுகிறான். போதாக்குறைக்கு, “வஷ்டி பன்யன் பிடிக்குமா அங்கிள்? என் ஃபோன்ல அடிக்கடி வருவாங்க” என்கிறான்.

வாஷிங்டன் மாநிலத்து விவசாயி ஒருவர் தன் இரண்டு பையன்களுக்காகப் பண்ணையிலேயே ஸ்டூடியோ கட்டிக்கொடுத்தார். டானி, ஜோ எமர்சன் என்ற அந்தச் சகோதரர்கள் 1979-ல் போட்ட ‘டிரீமின் வைல்ட்’ விற்கவே இல்லை. 2008-ல் ஸ்போகேன் நகரத்துப் பழம்பொருள் கடையில் ஒரு சேகரிப்பாளர் அதை 5 டாலருக்கு எடுத்தார். அட்டையில் வெள்ளை உடுப்பில் இரண்டு பையன்கள் நின்ற கோலமே அவரை இழுத்தது. 2012-ல் மறுவெளியீடு, பத்து வருடம் கழித்து சினிமாகூட வந்துவிட்டது. நம்மவரின் பூஜையறையில் படம் மாட்டத்தக்கவர் அந்த 5 டாலர் புண்ணியவான்தான்.

அந்தப் புண்ணியம் போன வருடம் இவருக்கும் கிடைத்தது. ஜிம் ரீவ்ஸுக்கு நடுவில் செருகி வாங்கிய ஃபோக் ஆல்பம் ஒன்றை, சிறிய கம்பெனி ஒன்று மறுவெளியீடு செய்ய முன்வந்தது. மூல ஒலிநாடா தொலைந்துபோய்விட்டது. நல்ல நிலையில் இருப்பது இவருடைய தட்டு மட்டும்தான். கொடுத்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் இவரிடம் இருப்பது யாருக்கும் தெரியாது. மூன்று வாரம் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டுக் கொடுத்தார். புதுப் பிரதி தபாலில் வந்ததும் பாட்டைக் கேட்காமல் நேரே பின்னட்டையின் நன்றிப் பட்டியலுக்குப் போனார். பொடி எழுத்தில் அவர் பெயர் இருந்தது. அதில் ஓர் எழுத்துப் பிழை.

கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கூச்சல் போட்டார். அடுத்த அச்சில் திருத்திவிடுவதாக மன்னிப்புக் கேட்டார்கள். சட்டென்று அவருக்கு ஸோம்பீஸ் குழு நினைவுக்கு வந்தது. 1968-ல் வெளியான அவர்களுடைய ‘ஒடிசி அண்ட் ஆரக்கிள்’ அட்டையில் ஓவியர் ஒடிசியைத் தப்பாக எழுதிவிட, அந்தப் பிழையோடேயே ஆல்பம் அமரத்துவம் அடைந்துவிட்டது. நம்மவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“இந்தப் பிழையோடு எத்தனை பிரதி வெளியே போயிருக்கிறது?”

“ஐந்நூறு ஐயா.”

“கட்டாயம் திருத்திவிடுங்கள்” என்றார். “அதற்கு முன்னால் இதிலேயே எனக்கு இன்னும் மூன்று அனுப்பிவையுங்கள். உறையைப் பிரிக்க வேண்டாம்.”