செட்டிங்ஸ் அண்ணன்

ஜொகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் பக்கம் எந்த மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். மாசாயிலும் ஸ்கூடாயிலும் அவருக்கு அச்சு அசலான நகல்கள் உண்டு. முதலாளி அல்ல, முதலாளியின் மைத்துனராகவோ மருமகனாகவோ இருப்பார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஊதுபத்தி அட்டைகளை ஒதுக்கிவிட்டு ஒரு மடிக்கணினி வைத்திருப்பார். “சிஸ்டத்த ஒரு தடவ ஒழுங்கா செட் பண்ணிட்டா போதும் போஸ், கடை தானா ஓடும்” என்பார். அவர் வருவதற்கு முன்னால் முப்பது வருஷம் கடை தானாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வருவதில்லை.

நாமெல்லாம் பிள்ளை பிறந்த வருஷத்தை வைத்து மற்றதை நினைவுபடுத்திக்கொள்வோம். அண்ணனுக்கு செட்டிங் மாற்றிய வருஷம்தான் கணக்கு. 2014-ல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியானது, மாற்றினார். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி 6 விழுக்காடு வந்தது, மாற்றினார். 2018 ஜூனில் அது பூஜ்யமாகி, செப்டம்பரில் எஸ்எஸ்டி திரும்பியது. ராத்திரி இரண்டு மணி வரை மாற்றினார். 2025 ஜனவரியில் விடுமுறை மறுபடி சனி, ஞாயிறானபோது, பத்து வருஷம் கழித்து ஊருக்கு வந்த உறவுக்காரரை வரவேற்பதுபோல் அந்தப் பழைய கட்டத்தில் டிக் போட்டார். எந்த அரசாங்கம் வந்தாலும் அண்ணனுக்கு வேலை உண்டு.

அவர் சறுக்கியது மல்லிகைப் பூவில். சரக்குப் பதிவில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடிப்படை அளவு கொடுக்க வேண்டும்; பெரிய அளவு ஒன்று இருந்தால் அதற்குள் சின்னது எத்தனை என்றும் சொல்ல வேண்டும். ஒரு பெட்டிக்கு 24 டின், ஒரு மூட்டைக்குப் பத்துக் கிலோ எல்லாம் அவருக்குச் சுண்டைக்காய். பூ மட்டும் கிலோவில் வந்து முழத்தில் போனது. கிலோவுக்கு எத்தனை முழம் என்று பூக்கட்டும் அக்காவிடம் கேட்டார்.

“யாரு வாங்குறாங்கன்னு பாத்து அளக்குறதுதான் தம்பி.”

அண்ணன் விடுவாரா? அக்காவின் முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை டேப் வைத்து, 44 சென்டிமீட்டர் என்று பதிந்துவிட்டார். மத்தியானம் அக்கா சாப்பிடப் போனபோது அவர் மகன் உட்கார்ந்து அளந்தான். பையன் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடுகிறவன். சாயங்காலம் கணக்கில் பதினொரு முழம் உதைத்தது. சரிக்கட்டும் பதிவு ஒன்று போட்டு, ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘கைமாற்று’ என்று தட்டினார். மாசக் கடைசியில் கணக்கர் அதைக் கடன் என்று எடுத்துக்கொண்டு, பூவைக் கடன் வாங்கினது யார் என்று மூன்று நாள் தேடினார்.

அடுத்து மைனஸ் ஸ்டாக். இருப்பு பூஜ்யம் என்றால் விற்க விடாதே என்று ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்ட அன்றே ஒரு பாட்டி 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெயுடன் கல்லாவுக்கு வந்தார். எண்ணெய் இல்லை என்றது திரை. எண்ணெய் பாட்டியின் கையில் இருந்தது. காலையில் வந்த சரக்கின் பில் தராசுக்கு அடியில் இருந்தது. காண்பதெல்லாம் மாயை என்று ஆதிசங்கரர் சொன்னதை மளிகைக் கடை கல்லாவில் நிரூபித்தவர் நம் அண்ணன்தான்.

தீபாவளி நெருக்கத்தில் வரிசை வாசலைத் தாண்டவே, கட்டளையை எடுத்துவிட்டார். அன்றிரவு திரையில் முறுக்கு மாவு மைனஸ் 38. உலகத்தில் இல்லாத மாவை 38 வீடுகளில் பிழிந்து, சுட்டு, தின்றுவிட்டார்கள். அதே சூட்டோடு, தீபாவளி மாத விற்பனையை வைத்து ‘இதற்குக் கீழே குறைந்தால் வாங்கு’ அளவையும் போட்டார். தைப்பூசம் வரை முறுக்கு மாவைத் தாண்டித்தான் மற்ற பொருளைத் தேட வேண்டியிருந்தது.

முதலாளியம்மாவிடம் இருப்பது ஒரு 555 நோட்டு. இந்த நாட்டில் கடைக்கடன் என்றாலே நினைவுக்கு வரும் அந்தக் குட்டி நோட்டுதான். சரக்கு எண்ணிய ராத்திரி, துவரம் பருப்பு ஒன்பது என்றது கணினி, நாலுதான் என்றது அலமாரி. அண்ணன் குளிர்பெட்டிக்குப் பின்னால்கூடத் தவழ்ந்து பார்த்தார். அம்மா எச்சில் தொட்டு ஒரு பக்கம் புரட்டினார்: ‘ஸ்கூடாய் மாமா, பருப்பு 5’. இதை ஏன் சிஸ்டத்தில் போடவில்லை என்று அண்ணன் கேட்டதற்கு, “அவரு இன்னும் காசு குடுக்கலயே” என்றார்.

போன வாரம் நான் வெங்காயம் வாங்கிவிட்டு, வழக்கம்போல் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டேன். அண்ணன் முகம் மலர்ந்தது. கொசுறுக்கென்றே ‘கறிவேப்பிலை சும்மா’ என்று ஒரு பொருளைத் திறந்து, விலை 0.00 போட்டு வைத்திருந்தாராம். கல்லாப் பெண் அழுத்தினாள். விலையில்லாமல் விற்க மேலாளர் கடவுச்சொல் வேண்டும் என்றது திரை. மேலாளர் அண்ணனேதான். போன வாரம்தான் மாற்றினாராம். மாற்றியது என்ன என்பதுதான் வரவில்லை. எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள்.

பூக்கட்டும் அக்கா எழுந்து பின்வாசலுக்குப் போய், அங்கே வளர்ந்து நிற்கும் செடியில் இரண்டு கொத்து ஒடித்து என் பையில் போட்டார்.

“அக்கா, இருங்க இருங்க,” என்று அண்ணன் பதறினார், “அந்தச் செடி எந்த கோடவுன் ஸ்டாக்?”