மொய்க்கு மொய்யா எழுதுறே?

ஏ பேராண்டி, இங்கன வா. நவம்பர் பொறந்ததும் மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? பரீட்சையா? பொண்ணு பாக்கப் போறாகளா? ரெண்டும் இல்லயாம். "எழுத்துச் சவால்ல சேந்திருக்கேன் தாத்தா"ங்கிறே. முப்பது நாளு, 50,000 வார்த்தை. நாள் ஒண்ணுக்கு 1,667. அது என்னலே கடைசியில ஒரு ஏழு? வட்டிக்கடைக்காரன்கூட அந்த ஏழைத் தள்ளிக் குடுத்துருவான்.

இந்தக் கூத்து எங்கன தொடங்குச்சுன்னு எனக்கும் தெரியும். 1999-ல அமெரிக்காவுல, சான் பிரான்சிஸ்கோ பக்கம், கிறிஸ் பேட்டின்னு ஒருத்தர். கூட்டாளிகளையும் சேத்து 21 பேரு. ஒரே மாசத்துல ஆளுக்கொரு நாவல் எழுதிப் பாத்துருவோம்னு உக்காந்தாக. அப்ப அது ஜூலை மாசம். நல்ல வெயில் காலத்துல அந்த ஊருக்காரன் வெளிய சுத்துவானா, வீட்டுக்குள்ள எழுதுவானா? அதான் மறுவருசமே நவம்பருக்கு மாத்திட்டாக. குளிருல அடைஞ்சு கெடக்குற மாசம், வேற சோலி இல்ல. சரியான புத்தி. ஆனா நம்ம கரிசக்காட்டுல நவம்பர் என்ன மாசம்? ஐப்பசி, கார்த்திகை. வெதைச்சது மொளைச்சு களையெடுப்புக்கு ஆள் தேடுற நேரம். இப்பப் போயி கதவைச் சாத்திக்கிட்டு நாவல் எழுதுனா உங்க ஆத்தா விளக்கமாத்தோடதான் வருவா.

அந்தச் சவாலை நடத்துன அமைப்பு 2025-ல கடையச் சாத்திருச்சு. பழக்கம் சாகல. ஊருக்கு ஊரு குழு வச்சு இன்னும் நடத்துதாக. நீயும் ஒண்ணுல சேந்துட்டே. சேரட்டும், நல்லதுதான். ஆனா எழுத உக்காரதுக்கு முந்தியே இம்புட்டுச் சாமானா? புது நோட்டு, புதுப் பேனா, முதுகு நோகாத நாற்காலி. சுவத்துல முப்பது கட்டம் போட்ட தாளு. ஒரு நாள் முடிஞ்சா ஒரு நட்சத்திரம் ஒட்டணுமாம். பால்வாடியில விட்ட எடத்துல இருந்து தொடங்குறியாக்கும்?

கணக்குச் சேரலைன்னா நீங்க பண்ற தில்லுமுல்லும் எனக்குத் தெரியும். 'வந்துகொண்டிருந்தான்'னு சேந்து கெடந்தது இப்ப வந்து, கொண்டு, இருந்தான்னு மூணாப் பிரிஞ்சு நிக்குது. ஒண்ணுக்கு மூணு. கதாநாயகன் தெருவைத் தாண்டுறதுக்குள்ள நூறு வார்த்தை ஓடிருது. அவன் ஒரு காப்பி குடிச்சா எரநூறு. பாவம், தேதி பதினஞ்சாச்சு, அவன் இன்னும் காதலி மூஞ்சியவே பாக்கல.

சவால்னா நம்மாளுக வச்சதுதான் சவாலு. யமகண்டம்னு கேள்விப்பட்டிருக்கியா? காரைக்கால் பக்கம் திருமலைராயன் பட்டினத்துல காளமேகப் புலவர் பாடுனதாச் சொல்லுவாக. குழி வெட்டி நெருப்பு மூட்டி, மேல எண்ணெய்க் கொப்பரை. அதுக்கும் மேல தொங்குற உறியில புலவரு. கழுத்துலயும் இடுப்புலயும் கத்தி கட்டியிருக்கும். எதிராளி எதைக் கேட்டாலும் உடனே அதுல பாட்டுப் பாடணும். தயங்குனா சோலி முடிஞ்சுது. அங்கன போயி, "இன்னைக்கு மனசு சரியில்ல, நாளைக்குச் சேத்துப் பாடிக்கிடுதேன்"னு சொல்ல முடியுமா?

ஒடனே, கிழவன் பழசுதான் உசத்தின்னு சொல்ல வாரான்னு நெனச்சிராதே. அந்தச் சவால்ல எவனுக்காவது ஒரு கூட்டாளி கெடச்சானா? காளமேகமும், அவருகூட மோதுன அதிமதுரகவியும் கட்டிப்பிடிச்சதா ஒரு கதையும் கெடையாது. மண்ணுமாரி பெஞ்சு ஊரே அழியட்டும்னு காளமேகம் பாடிட்டுப் போனதாத்தான் கதை. நம்ம எட்டயபுரத்துல மட்டும் என்ன வாழ்ந்துச்சு? சின்ன வயசு பாரதிய மட்டந்தட்டுற மாதிரி ஒரு ஈற்றடியக் குடுத்து, இதை வச்சு வெண்பாப் பாடுன்னு ஒருத்தர் சொன்னாராம். பாரதி அந்த அடியவே வேற மாதிரி பிரிச்சு, சொன்னவரு தலையிலயே கட்டிட்டாராம். சபை சிரிச்சுது. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து காப்பி குடிச்சதாத் தகவல் இல்ல. அந்தக் காலத்துச் சவால் அடுத்தவனை உக்கார வைக்கிறதுக்கு. ஒன் சவால்ல நீ செயிச்சா எவனும் தோக்கப் போறதில்ல. அந்த மட்டுக்கும் வெள்ளக்காரன் சவால் தேவலை. அந்தக் கூட்டாளிக காப்பிக்கடை மேசையில கூடி உக்காந்து எழுதுனாக. நீ அந்த மேசைய விட்டுட்டு 1,667-ஐ மட்டும் எடுத்துக்கிட்டே. அதான் எனக்குச் சிரிப்பு வருது.

கூட்டாளி எத்தனை பேருன்னு கேட்டா, குழுவுல நூத்திச் சொச்சம்ங்கிறே. சரி, அதுல ஒருத்தர் நேத்து எழுதுன கதை என்ன? சொல்லு. ஏன் முழிக்கிறே? எல்லாருக்கும் 'அருமை' போட்டியே, எதைப் படிச்சுப் போட்டே?

கல்யாண வீட்டு வாசல்ல நோட்டும் பேனாவுமா ஒருத்தர் உக்காந்திருப்பாரே, பாத்திருக்கியா? பேரு, ஊரு, தொகை. மாப்பிள்ளை கறுப்பா செவப்பான்னு பாக்காமலே மொய்ய எழுதிட்டுப் பந்திக்குப் போறவன் உண்டு. ஒங்க பாராட்டும் அந்த நோட்டுதான். அவன் ஒனக்கு 'அருமை' எழுதுனா, நீ அவனுக்கு 'ஆகச் சிறப்பு' எழுதணும். 'ஆகச் சிறப்பு'க்குத் திரும்ப 'உலகத்தரம்'. கொறைச்சு எழுதுனா மனஸ்தாபம். எழுதாமலே விட்டா அடுத்த விசேசத்துக்கு அழைப்பு கெடையாது. மொய்யாவது சமயத்துல ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும். இந்த 'அருமை'யக் கொண்டுபோயி எந்தக் கடையில குடுத்து அரைக்கிலோ பருப்பு வாங்குவே?

எங்க கோவில்பட்டிக்குப் பக்கத்துல இடைசெவல்னு ஒரு ஊரு. அங்கன 1923-ல ஒரே மாசத்துல ரெண்டு பேரு பொறந்தாக. கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன். சின்ன வயசுல இருந்தே சேக்காளிக. பொஸ்தகமும் கூட்டு, சங்கீதப் பைத்தியமும் கூட்டு. எழுத்துல அழகிரிசாமி முந்திக்கிட்டாரு. மெட்ராசு, மலேயான்னு போயி பத்திரிகையில வேலை பாத்தாரு. கி.ரா. ஊர்ல சம்சாரித்தனம் பாத்தாரு. கதை எழுத வரும்போது அவருக்கு முப்பது தாண்டிருச்சு. எவனும் அவருக்குக் கட்டம் போட்டு நட்சத்திரம் ஒட்டல. சேக்காளிக்குக் காயிதம் எழுதுனாரு, சேக்காளியும் எழுதுனாரு. பக்கம் பக்கமா. அந்தக் காயிதங்களே பின்னால பொஸ்தகமா வந்துச்சுன்னாப் பாத்துக்கோ. 1970-ல அழகிரிசாமி செத்துப்போனாரு. அந்த வருசத்துச் சாகித்திய அகாதமி விருது அவரோட 'அன்பளிப்பு'க்கு. 1991-ல 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காகக் கி.ரா.வுக்கு. அப்புறம் அதே சீமையில பூமணிக்கு, சோ. தர்மனுக்கு. டவுன்காரன் ஒருத்தன் கேட்டான், "ஒங்க ஊருத் தண்ணியில என்ன இருக்கு?"ன்னு. இங்க தண்ணியே கெடையாதேப்பா!

இதே மாதிரி இன்னொரு கூட்டும் உண்டு. திருநெல்வேலியில ரசிகமணி டி.கே.சி. வீட்டுல வட்டத்தொட்டின்னு ஒரு கூட்டம் நடக்கும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிச் சுவைப்பாக. எத்தனை பாட்டு முடிஞ்சுதுன்னு எண்ணுறதுக்கு அங்க ஆள் போடல.

அப்ப கூட்டாளிய எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கிறே. ஒரு அடையாளம் சொல்லுதேன். "நாலாந்தேதி செத்துப்போன மாமியாரு பதினொண்ணாந்தேதி பந்தி பரிமாறுதாளே, எப்படி?"ன்னு ஒருத்தன் கேப்பான். ஒனக்குச் சுருக்குன்னு இருக்கும். பெரிய இவன்னு நெனைப்பே. ஆனா யோசிச்சுப் பாரு. நூத்திச் சொச்சம் பேரும் 'அருமை' போட்டாகளே, அத்தனை பேரும் செத்த மாமியாரு கையால சாப்பிட்டுட்டுத்தானே போனாக? இவன் ஒருத்தன்தான் எலையில உக்காந்து நிமிந்து பாத்திருக்கான். அவனை விட்றாதே.

அந்த மாதிரி ஆளு ஒனக்கு வேணும்னா, மொதல்ல நீ இன்னொருத்தருக்கு அந்த ஆளா இருக்கணும்லா? இன்னைக்கு ஆயிரத்தோட நிறுத்து. மிச்சம் அறுநூத்தி அறுபத்தேழு எழுதுற நேரத்துக்கு வேற சோலி இருக்கு. குழுவுல யாரும் 'அருமை' போடாத ஒருத்தர் இருப்பாரு. அவரு எழுதுனதை மொத வரியில இருந்து கடைசி வரி மட்டும் படி. நல்லா இருக்குற எடத்தைச் சொல்லு. எந்த எடத்துல கொட்டாவி வந்துச்சுன்னும் சொல்லு. அவரு ஏசுனா, கும்பிட்டுட்டு வேற ஆளைப் பாரு. ஏசாம, "எந்த வரியில?"ன்னு திருப்பிக் கேட்டாருன்னா, அவரு போன் நம்பரை வாங்கி வச்சுக்கோ. டிசம்பர்ல அவரு வேணும் ஒனக்கு.