சத்திரக்காரன் நல்லவன்

கிறிஸ்துமஸ் நாடகத்தில் எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காத வேஷம் சத்திரக்காரன் வேஷம். தேவதூதனுக்குச் சிறகு உண்டு, ராஜாக்களுக்கு ஜிகினாக் கிரீடம் உண்டு. சத்திரக்காரனுக்கோ, வகுப்பிலேயே தடித்த பையனாகப் பிடித்து, மையால் மீசை வரைந்து, நிறைமாதக் கர்ப்பிணியை விரட்டச் சொல்வார்கள். அவன் கதவைச் சாத்தியதும் சபையே உச்சுக்கொட்டும். லூக்காவின் சுவிசேஷத்தில் அப்படி ஒரு ஆள் வருவதேயில்லை. சத்திரத்தில் இடமில்லாமல் போன செய்தி மட்டும்தான் உண்டு. இல்லாத மனிதன்மேல் இத்தனை நூற்றாண்டுப் பழி.

அவன் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும். அவன் போலீஸைக் கூப்பிடவில்லை. வைக்கோலில் பிள்ளையைக் கிடத்தியதற்கு அபராதச் சீட்டு எழுதவில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்று ஓர் ஊர். சுமார் 38,000 பேர் வாழ்கிறார்கள். அங்கே போக்கிடமில்லாதவர் பூங்காவில் கம்பளி விரித்துப் படுத்தால் ‘முகாமிட்ட’ குற்றமாக இருந்தது. அபராதம் 295 டாலர். கட்டத் தவறினால் 537 டாலர் 60 சென்ட். அந்த 60 சென்ட்டைக் கவனியுங்கள், கணக்கில் எவ்வளவு சுத்தம்! திரும்பத் திரும்பப் பிடிபட்டால் பூங்காவுக்குள் நுழையவே தடை. மீறினால் 30 நாள் வரை சிறை. சிறையில் கூரை உண்டு, போர்வையும் தருவார்கள். ஆக, ஊர் இடம் கொடுக்கத்தான் செய்தது, கொஞ்சம் சுற்றுவழியில்.

இவர்களுக்கு இங்கே இருப்பு கொள்ளாதபடி செய்தால் தாமாகவே அடுத்த ஊரைப் பார்த்துப் போய்விடுவார்கள் என்று நகரமன்றத் தலைமையில் இருந்தவரே 2013இல் ஒரு கூட்டத்தில் பேசினார். ஒளிவுமறைவில்லாத மனிதர்.

இந்த விதிகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நட்சத்திரம் பார்க்கக் கம்பளியோடு வந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டால் அவரையும் பிடிப்பீர்களா என்ற கேள்வி விசாரணையில் எழுந்தது. அவரைப் பிடிப்பதில்லையாம். வீடு உள்ளவனின் தூக்கம் பொழுதுபோக்கு, வீடில்லாதவனின் தூக்கம் குற்றம். 2024 ஜூன் 28 அன்று ஆறு நீதிபதிகள் ஊர் பக்கமும் மூவர் எதிர்ப்பக்கமும் நின்றார்கள். சட்டம் தண்டிப்பது ஒருவருடைய நிலையை அல்ல, செயலையே என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மூச்சு விடுவதும் செயல்தான், அதற்கு இன்னும் கட்டணம் வைக்கவில்லை. வழக்குத் தொடுத்தவர்களில் ஒரு பெண் தீர்ப்பைப் பார்க்க இல்லை. 2021இலேயே இறந்துபோனார். அப்போது அவர்மீது நின்ற அபராத பாக்கி 5,000 டாலருக்கு மேல். அந்த டாலர் நோட்டில்தான் கடவுளை நம்புகிறோம் என்று அச்சடித்திருக்கிறார்கள்.

ஏன், அந்த ஊரில் கிறிஸ்தவ விடுதி ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. புகைக்கக் கூடாது, ஆராதனைக்கு வந்தாக வேண்டும். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தவர் வருகைப் பதிவேடு வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

வட கரோலினாவில் டேவிட்சன் என்ற வசதியான ஊர். 2014இல் அங்கே ஒரு தேவாலயத்தின் முன் டிமதி ஷ்மால்ஸ் என்ற கனடா சிற்பி செய்த வெண்கலச் சிலையை வைத்தார்கள். பெஞ்சில் ஓர் ஆள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார். முகம் தெரியாது. பாதம் மட்டும் வெளியே நீட்டியிருக்கும், அதில் ஆணித் தழும்பு. அந்தப் பக்கம் போன பெண்மணி ஒருவர் உண்மை ஆள் என்று நினைத்துப் போலீஸைக் கூப்பிட்டார். இரண்டாம் வருகை நடந்தால் முதலில் வந்து சேரப்போவது ரோந்து வண்டிதான் போலிருக்கிறது.

கதவைத் திறந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பட்டதையும் கேளுங்கள். ஓஹையோ மாநிலம் பிரையன் நகரில் டாட்ஸ் பிளேஸ் என்ற சபையின் போதகர் கிறிஸ் ஏவெல், போக்கிடம் இல்லாதவர்களுக்காக ஆலயத்தை இராப்பகலாகத் திறந்து வைத்தார். 2024 ஜனவரியில், உறைபனிக் காலத்தில், 18 குற்றச்சாட்டுகளோடு அவரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அது வணிகப் பகுதியாம், தரைத்தளத்தில் ஆள் தங்கக் கூடாதாம். அவை கைவிடப்பட்டன, பிறகு தீயணைப்பு விதி வந்தது. 2025 ஜனவரியில் 200 டாலர் அபராதமும் நிறுத்திவைத்த 60 நாள் சிறையும் விதித்தார்கள். தீ விபத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதுதான். குளிரில் விறைத்துச் சாவதற்கும் ஒரு விதி எழுதியிருக்கலாம். பிரசங்கத்தில் சமாரியனைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், தரைத்தளத்தில் அவன் வேலையைச் செய்யக் கூடாது.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நியூ ஜெர்சியில் கேரன் ஓல்சன் 1986இல் செய்து காட்டினார். ஊரிலுள்ள சபைகள் வாரத்துக்கு ஒன்றாக முறைவைத்து, ஞாயிறு பள்ளி வகுப்பறையில் மடக்குக் கட்டில் போட்டு, வீடில்லாக் குடும்பங்களைச் சேர்ந்தே தங்கவைத்தன. அப்பன் ஓரிடம், பிள்ளை ஓரிடம் என்று பிரிக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் காலியாகக் கிடக்கும் அறைதானே அது! அந்த முறை நாடு முழுக்கப் பரவியும் இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான ஆலயங்களில் இரவெல்லாம் விளக்கெரிவது கிறிஸ்துமஸ் குடிலுக்குத்தான்.

2024 ஜனவரியில் ஓரிரவு நாடு முழுக்கத் தலை எண்ணினார்கள். வீடில்லாதவர்கள் 7,71,480 பேர். அதில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் பிள்ளைகள். உறவினர் வீட்டுக் கூடத்தில் ஒண்டிக் கிடந்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நாளைக்கே அந்தக் கூடமும் போகலாம்.

டெட்ராய்ட்டில் ஒரு தாய்க்கு அப்படித்தான் ஆனது. தங்கியிருந்த இடம் கைநழுவப்போகிறது என்று நகரத்தின் உதவி எண்ணை மூன்று முறையாவது அழைத்திருக்கிறார். அவசரம் என்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை, நேரில் போய்ப் பார்க்கவும் இல்லை. கடைசியில் பிள்ளைகளோடு ஒரு வேனில், சூதாட்ட விடுதியின் வண்டி நிறுத்துமிடத்தில் படுத்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையும் இரண்டு வயதுப் பிள்ளையும் எழவில்லை.

அவர் கடைசியாக அழைத்தது 2024 நவம்பர் 25. பிள்ளைகள் இறந்தது 2025 பிப்ரவரி 10. இடையில் ஒரு கிறிஸ்துமஸ் வந்துபோனது.