நிறையற்ற இழையும் உராய்வற்ற கப்பியும்: ஓர் ஆராய்ச்சி

உலகத்துப் பொருள்களையெல்லாம் சேதனம், அசேதனம் என்று இரண்டாகப் பகுத்துவிட்டுத் திருப்தியடைந்த முன்னோர், இயக்கவியல் வினாத்தாளில் மட்டுமே ஜீவிக்கும் மூன்றாவது வர்க்கம் ஒன்றைக் கவனியாது விட்டது பெருங்குறை என்றே சொல்ல வேண்டும். நிறையில்லாத இழை, உராய்வில்லாத கப்பி, நீளமும் அகலமுமின்றி நிறையை மட்டும் சுமந்து நிற்கும் துகள் ஆகிய மூன்றும் எந்தச் சந்தையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் பரீட்சைக் காலம் வந்துவிட்டால் இவற்றோடு மல்லுக்கு நிற்காத மாணவன் இல்லை. ஆகவே இவற்றின் லட்சணங்களை முறைப்படி விசாரிப்பது அவசியமாகிறது.

துகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பரிமாணம் இல்லாமையால் அதை நிர்க்குணம் என்று கொள்ள ஆசை பிறந்தாலும், அதன் நிறை மூன்று கிலோகிராம் என்று வினாவே விதந்து கூறுவதால், ஏககுணம் உடையது என்று முடிவு செய்வதே பொருந்தும். ரயில் வண்டியும், சாய்தளத்தில் சறுக்கும் மரக்கட்டையும், மின்தூக்கியில் ஏறிய பருத்த கனவானும் இந்த ஒரு குணத்தால் ஒரே ஜாதியாகிவிடுகிறார்கள்.

கப்பியின் வரலாறுதான் சுவையானது. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் அட்வுட், 1784-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் கப்பியைக் கொண்டு அமைத்த ஒரு கருவியை விவரித்தார். கைவிட்ட பொருள் முதல் வினாடியிலேயே ஏறக்குறைய 5 மீட்டர் கீழே போய்விடுவதால், அதன் போக்கை அளப்பது அக்காலத்துக் கடிகாரங்களுக்கு எளிதாயில்லை. எனவே ஒரு நூலின் இரு முனைகளிலும் எடைகளைக் கட்டிக் கப்பியின்மேல் தொங்கவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் சிறிது கூட்டி, வீழ்ச்சியை நிதானப்படுத்தினார் அவர். அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. மெல்லிய பட்டு நூலைத் தேர்ந்தெடுத்தார். கப்பியின் அச்சை நான்கு சிறு சக்கரங்களின் விளிம்பின்மேல் இருத்தினார். அப்படியும் அச்சக்கரங்களைச் சுழற்றுவதில் செலவாகும் விசையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். இவ்வளவு செய்தும் அவருக்குச் சித்தித்தது குறைந்த உராய்வுதான். நம் வினாத்தாள் ஆசிரியரோ, 'வழுவழுப்பான' என்ற ஒரே அடைமொழியை எழுதிவிட்டு, காபி குடிக்கப் போய்விடுகிறார். (அட்வுட்டின் விரிவுரைகளைக் கேட்டிருந்த பிரதம மந்திரி பிட், அதே 1784-இல் அவருக்குச் சுங்க இலாகாவில் ஓர் உத்தியோகம் அளித்தார். இரு பக்கத்து எடைகளுக்குள் உள்ள சிறு வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதில் கைதேர்ந்தவருக்கு அது தகாத இடமென்று எவரும் சொல்ல முடியாது.)

அந்த அடைமொழியின் மகிமையை உணர விரும்புவோர் வீட்டுக் கிணற்றடிக்குச் சென்று பார்க்கலாம். ராட்டினம் தெருக்கோடிவரை கேட்கும்படி கிறீச்சிடுகிறது. நனைந்த கயிறு குடத்துக்குச் சளைக்காத கனம் கனக்கிறது. கயிற்றுக்குக் கனம் வந்துவிட்டால் இழுவிசை மேலே ஒன்றாகவும் கீழே ஒன்றாகவும் மாறும். கப்பிக்குக் கனம் வந்துவிட்டாலோ இடப்பக்கத்து இழுவிசையும் வலப்பக்கத்து இழுவிசையும் ஒத்துப்போகா. ஆகையால் இரண்டின் கனத்தையும் ஒருங்கே பறிமுதல் செய்து, மாணவனுக்கு ஒரே ஒரு இழுவிசையை மிச்சம் வைப்பது ஆசிரியரின் கருணை.

இனிக் கணக்கு. ஒரு முனையில் 3 கிலோகிராம், மறு முனையில் 2 கிலோகிராம். ஒவ்வொன்றையும் தனியே வரைந்து, கீழ்நோக்கி எடையையும் மேல்நோக்கி இழுவிசையையும் அம்புகளாகக் குறித்து, நிகர விசை நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கியதற்குச் சமம் என்ற நியூட்டனின் 1687-ஆம் ஆண்டுச் சித்தாந்தத்தை இரண்டு முறை எழுதிக் கூட்டினால், முடுக்கம் வினாடிக்கு வினாடி 1.96 மீட்டர் என்றும், இழுவிசை 23.52 நியூட்டன் என்றும் வந்துவிடும். திசையை மாற்றி எழுதிய மாணவனுக்கு முடுக்கம் மட்டும் கழித்தல் குறியோடு வரும். தன் தவற்றைத் தானே சுட்டிக்காட்டும் இந்த யோக்கியதை வேறு சாஸ்திரங்களில் அபூர்வம்.

விவாதம் இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. மேல்விட்டத்தில் கப்பியைத் தாங்கும் கொக்கியின்மேல் எவ்வளவு பாரம்? தொங்குவது 5 கிலோகிராம். ஆகவே 49 நியூட்டன் என்பது பூர்வபட்சம். கொக்கியை இழுப்பவை இரண்டு இழைப்பகுதிகளே, ஆகவே 47.04 நியூட்டன்தான் என்பது சித்தாந்தம். எஞ்சிய 1.96 நியூட்டனை எவரும் களவாடவில்லை. ஒன்று இறங்க மற்றொன்று ஏறினாலும், இரண்டுக்கும் பொதுவான நிறைமையம் வினாடிக்கு வினாடி 0.392 மீட்டர் என்ற முடுக்கத்தோடு கீழிறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இறக்கத்தின் செலவே அது. பொருள்களைக் கப்பியில் ஆடவிட்டே நிறுத்து விற்கலாம் என்னும் யோசனை கடைக்காரர் எவருக்கும் உதியாதிருக்கக் கடவது.

பெரிய எடை 1 மீட்டர் இறங்கித் தரையைத் தொட்டவுடன் கேள்வி முடிந்ததென்று எண்ணுவது பேதைமை. இழை தளர்ந்துவிட, சிறிய எடை தான் பெற்ற வேகத்தாலேயே இன்னும் 20 சென்டிமீட்டர் மேலே போகும். அந்த 20 சென்டிமீட்டருக்குள் கப்பி குறுக்கிட்டால் என்ன ஆகும் என்ற நியாயமான ஐயத்துக்கு, வினாத்தாள் ஆசிரியர்கள் ஏகமனதாக ஒரே சமாதானம் அளித்திருக்கிறார்கள்: எடை கப்பியை எட்டுவதில்லை எனக் கொள்க.