முக்கால் டேங்க் சரித்திரம்

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் மூஞ்சியைப் பார்த்து ஆளை எடைபோடும் எல்லைகள் உலகத்தில் எத்தனையோ. காரின் வயிற்றைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று விசாரிக்கும் எல்லை எனக்குத் தெரிந்து சிங்கப்பூரில்தான் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட பெட்ரோல் கார் மலேசியாவின் ஜொகூர் பாரு பக்கம் போகவேண்டுமென்றால், டேங்கில் முக்கால்வாசியாவது பெட்ரோல் இருக்கவேண்டும். முள் அதற்குக் கீழே படுத்திருந்தால் 500 வெள்ளி வரை அபராதம் உண்டு, வண்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாமியார் வீட்டுக்குக் கிளம்பும் பிள்ளையை, "அங்கே போய் அள்ளித் தின்று மானத்தை வாங்காதே" என்று பெற்றவளே வயிறு முட்டச் சோறு போட்டு அனுப்புகிற கதைதான்.

ஆனால் ஒரு காலத்தில் மாமியார் வீடும் நம் வீடும் ஒன்றாகத்தான் இருந்தன.

பாலம், பாலம் என்கிறோமே தவிர, இரண்டு வீட்டையும் இணைக்கும் காஸ்வே பாலமே இல்லை. புலாவ் உபினிலும் புக்கித் தீமாவிலும் கருங்கல்லை வெட்டி வந்து ஜொகூர் நீரிணையில் கொட்டி நிரப்பிய கரை அது. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். 1923-இல் ரயில் ஓடியது. 1924 ஜூன் 28-ஆம் தேதி முறைப்படி திறந்தார்கள். ஜொகூர் சுல்தான் இப்ராஹிமும் வந்திருந்தார், வெள்ளைக்கார ஆளுநரும் வந்திருந்தார். சிங்கப்பூர்க் கரையில் வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்டான், ஜொகூர்க் கரையில் சுல்தானுக்கு 'ஆலோசனை' சொன்னான். இரண்டு வீட்டுக்கும் ஒரே கணக்குப்பிள்ளை இருக்கும்போது எவன் எவனிடம் பெர்மிட் கேட்பது?

பெர்மிட் இல்லாமல் ஒருவரும் வரக்கூடாது என்று வெள்ளைக்காரனுக்கு முதன்முதலாக உறைத்தது 1942 ஜனவரி 31-ஆம் தேதி. வந்துகொண்டிருந்தவர்கள் ஜப்பானியர்கள், அதிலும் பலர் சைக்கிளில். ஆர்கைல் ஹைலேண்டர்ஸ் படையினர் பைப் வாத்தியம் வாசித்தபடி கடைசியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும், காஸ்வேயை வெடிவைத்து சுமார் 70 அடிக்கு ஓட்டை போட்டார்கள். கல்யாண ஊர்வலம் மாதிரி மேளதாளத்தோடு பின்வாங்கிய பட்டாளத்தை வேறெங்கும் நான் படித்ததில்லை. ஒரு வாரம் கழித்து ஜப்பானியர்கள் படகில் வந்து இறங்கினார்கள். ஓட்டையை அவர்களே அடைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்தது சுத்தமான பாகப்பிரிவினை. 1963-இல் சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்தது, 1965 ஆகஸ்ட் 9-இல் தனிக்குடித்தனம் போனது. 1967-இல் காஸ்வேயில் பாஸ்போர்ட் கேட்க ஆரம்பித்தார்கள். அதே ஆண்டில் ஆளுக்கொரு நோட்டு அச்சடித்துக்கொண்டார்கள். ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று என்றே மாற்றினார்கள், 1973 வரை. நம் ஆட்கள் டாலரையும் 'வெள்ளி' என்றார்கள், ரிங்கிட்டையும் 'வெள்ளி' என்றார்கள். இன்றைக்கும் அப்படியேதான் சொல்கிறோம். என்ன, ஒரு வெள்ளி கொடுத்தால் மூன்று வெள்ளிக்கு மேல் கிடைக்கிறது. இந்தக் கணக்கை வெளியூர்க்காரருக்கு விளக்கிப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

எண்பதுகளிலேயே நம் வெள்ளிக்கு அந்தக் கரையில் மதிப்புக் கூடிவிட்டது. அந்தக் கரையில் பெட்ரோலுக்கு அரசு மானியம், இந்தக் கரையில் வரி. காலி டேங்கோடு போய், நிரப்பிக்கொண்டு, அப்படியே மீன்தலைக் கறியும் சாப்பிட்டுவிட்டு வராதவன் மனிதனா? சிங்கப்பூர் அரசு 1989-இல் அரை டேங்க் விதியைக் கொண்டுவந்தது. ஐம்பது லிட்டர் டேங்கில் இன்னும் இருபத்தைந்து லிட்டர் இடம் இருக்கிறதே என்று ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். 1991-இல் முக்கால் ஆக்கினார்கள். மிச்சம் பன்னிரண்டரை லிட்டர். அதற்கும் போனார்கள். பெட்ரோல் முள்ளிலேயே கைவைத்துப் பார்த்த விஞ்ஞானிகளும் கிளம்பினார்கள். அதற்கென்று தனியாக ஒரு தண்டனையைச் சட்டத்தில் எழுதவேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா அந்த அளவுக்கு விஞ்ஞானி இல்லை, வாதம் மட்டும் பண்ணுவார். தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை, பின்சீட்டில் நாங்கள் நாலு பிள்ளைகள். சாவடி அதிகாரி குனிந்து பார்த்தார். முக்கால் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே முள். பெரியப்பா கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினார். முள் அசையவில்லை.

"தம்பி, வண்டி மேட்டுல நிக்குது. முள்ளு பின்னால சாயுது."

"அங்கிள், இது மேடில்ல."

"பிள்ளைங்க வேற பின்னால உட்காந்திருக்கு. வெயிட்டு."

அதிகாரி எங்கள் நாலு பேரையும் ஒரு முறை பார்த்தார். அதில் என் தம்பி அப்போது ஒரு வயிற்றுப்போக்கிலிருந்து எழுந்து வந்தவன். வண்டி திரும்பியது. சிங்கப்பூர் விலைக்கே எண்ணெய் ஊற்றிக்கொண்டு போனோம். அன்றைக்கு மீன்தலைக் கறி கிடைக்கவில்லை, ரொட்டி சானாயோடு முடிந்தது.

இரு கரைப் பங்காளிகள் அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. மலேசியப் பிரதமராக இருந்த மகாதீர், காஸ்வேயையே எடுத்துவிட்டுக் கீழே கப்பல் போகிற மாதிரி பாலம் கட்டலாம் என்றார். சிங்கப்பூர் ஒப்புக்கொள்ளவில்லை. "சரி, என் பாதியை மட்டும் நான் கட்டிக்கொள்கிறேன்" என்று கிளம்பினார்கள். நடுவில் தாழ்வான சிங்கப்பூர்ப் பாதி முடியும் இடத்திலிருந்து கப்பல் போகும் உயரத்துக்கு நேராக ஏறினால் சுவர் மாதிரி இருக்கும் என்பதால் பாலம் வளைந்து வளைந்து போகுமாம். வளைந்த பாலம் என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 2006-இல், அவருக்குப் பின் பிரதமரான அப்துல்லா படாவி அதைக் கைவிட்டார். கட்டியிருந்தால் பெரியப்பாவின் மேடு வாதத்துக்கு ஓர் ஆதாரமாவது கிடைத்திருக்கும்.

2014-இல் சிங்கப்பூர், வெளிநாட்டுக் கார்களின் நுழைவுக் கட்டணத்தை 20 வெள்ளியிலிருந்து 35 ஆக்கியது. அதே ஆகஸ்ட் மாதம் ஜொகூர்க் கரையில் டோல் ஏறியது. அக்டோபரில் இந்தக் கரையிலும் அதே அளவு ஏறியது. 2016-இல் மலேசியா 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் போட்டது. மூன்றரை மாதத்தில் சிங்கப்பூர் 6 வெள்ளி 40 காசு போட்டது. ஏன் அந்த நாற்பது காசு என்று கேட்காதீர்கள். மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ அதே இருபது ரிங்கிட். சீர்வரிசையைத் திருப்பி வைக்கும்போது நம் வீட்டில்கூட இவ்வளவு துல்லியமாக நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

பிறகு மலேசியாவின் நுழைவு அனுமதிப் பட்டை. சிங்கப்பூர் கார்கள் இணையத்தில் பதிந்து, மின்னணுப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ளவேண்டும். விலை பத்தே ரிங்கிட், ஐந்து வருஷத்துக்கு. 2017-இல் பதிவு தொடங்கியது. 2019 அக்டோபரில் கட்டாயம் என்றார்கள், தள்ளிவைத்தார்கள். கொரோனா வந்து எல்லையையே மூடியது. 2024 அக்டோபரில் கட்டாயம் ஆனது, ஆனால் எச்சரிக்கை மட்டும். 2025 ஜூலை முதல் தேதிதான் 300 ரிங்கிட் அபராதம் உண்மையிலேயே வந்தது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் உரிமையே பத்து வருஷத்துக்குத்தான். 2017-இல் ஷோரூமிலிருந்து இறங்கி, பட்டை வருகிறது வருகிறது என்று காத்திருந்த கார், பட்டை ஒட்டும்போது ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டது.

பெரியப்பா மகன் இப்போது மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். டேங்கே இல்லாத வண்டியிடம் முக்கால் டேங்கை யார் கேட்பது? போன மாதம் எல்லாரும் அதில் ஜொகூர் பாரு போனோம். பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, பின்சீட்டில் அரைத்தூக்கத்தில் இருந்தார். சாவடி விளக்குகள் தெரிந்ததும் எழுந்து, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"டேய், முள்ளு எங்கடா?"