கல்லுக் காக்கா

கல்முனைக் கரையில் பிள்ளை உயர்தரம் எழுதினால் டொக்டர் வருவார் என்று காத்திருப்பார்கள். இஞ்சினியர் வந்தாலும் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். இரண்டுமில்லாமல் பேராதனைக்குப் புவிச்சரிதவியல் படிக்கப் போன பொடியனை என்ன செய்வதென்று ஊருக்கு விளங்குவதில்லை. 'கல்லுக் காக்கா' என்று பெயர் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது.

கல்லுக் காக்கா பிறந்து வளர்ந்தது முழுக்க மணலில். அந்தக் குறையைத் தீர்க்க, லீவுக்கு வரும்போதெல்லாம் கல் சுமந்து வருவார். பேக்கைத் திறந்தால் அழுக்கு உடுப்பில் சுற்றி, மார்க்கர் பேனையால் இலக்கமிட்ட கற்கள். அதில் பாரமான ஒன்றைத் தெரிந்து, பூனைக்காகத் தயிர்ச்சட்டி மூடியில் வைத்திருக்கிறார் உம்மா.

"உம்மா, அது விஜயன் தொகுதி நைஸ் பாறை! 100 கோடி வருசம் பழசு!"

"அப்ப இன்னும் கொஞ்ச நாளைக்கு உடையாதுதானே மகன்."

மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் பஸ் ஏறும்போது சனம் பொலித்தீன் பையோடு கண்ணை மூடிக்கொள்ளும். இவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, றோட்டுக்காக வெட்டிய பாறையின் மடிப்பைப் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்பார். வாந்தி நின்றதற்குத்தான் சொல்கிறார் என்று பக்கத்து சீட்காரர் நினைத்துக்கொள்வார்.

காலக்கணக்கில் மட்டும் இவரை நம்பக்கூடாது. 10,000 வருடத்துக்குட்பட்டதெல்லாம் இவருக்கு "கிட்டடி". படிப்பு எப்போது முடியும் என்று கேட்ட கலியாணத் தரகரிடமும் அதையேதான் சொன்னார். சிறப்புப் பட்டம் 4 வருடம். கெம்பஸில் ஸ்ட்ரைக் வந்தால் அல்லாஹ்தான் அறிவான். தரகர் அடுத்த வீட்டு டொக்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

கிணறு வெட்டுகிறவர்களும் வருவார்கள். "இன்னும் ஆழமாப் போனா நல்ல தண்ணி வருமா தம்பி?" இவர் குச்சியால் மணலில் கீறத் தொடங்குவார். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். வந்தவர் தலையாட்டிவிட்டு, தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரைத் தேடிப் போவார்.

மாமாதான் பெரிய சோதனை. "இந்தக் கல்லுப் படிப்பில ஆரடா முன்னேறினது?"

"ஆனந்த குமாரசுவாமி, மாமா. 1903இல கனிப்பொருள் அளவைக்கு முதல் பணிப்பாளர். தோரியனைட் என்ற கனிமத்தையே கண்டுபிடிச்சவர்."

"பிறகு?"

"பிறகு... அமெரிக்காவுக்குப் போய், பொஸ்டன் நூதனசாலையில சிற்பம், ஓவியமெல்லாம் பார்த்தார்."

"கெட்டிக்கார மனிசன். நேரத்தோட கழண்டுட்டார்."

அதே மாமா டிப்பர் வாங்கிய அன்று காற்று மாறியது. ஆற்று மணல் அள்ளப் புவிச்சரிதவியல் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மக்ரிபுக்குப் பிறகு மாமா வீட்டுக்கே வந்தார். "டேய்" போய் "மகன்" வந்தது. மாமி கையில் வட்டிலப்பம்.

கல்லுக் காக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. மலையில் பாறை உக்குவதிலிருந்து தொடங்கினார். "இந்த மணல் ஆத்தோட வந்து சேரப் பல்லாயிரம் வருசம் எடுத்திருக்கு மாமா."

"அது எடுக்கட்டும் மகன். லைசன் எடுக்க எத்தின நாள் போகும்?"