முதற்பதிப்பும் சத்தியமும்

கேள்வி: பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர், முகப்பு ஏடு கிழிந்துபோன சீவக சிந்தாமணிப் பிரதி ஒன்றை "முதற்பதிப்பு" என்று சத்தியம் செய்கிறார், சர்வஜித்து வருஷம் என்று மட்டும் உள்ளே இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: சத்தியம் இலவசம், முகப்பு ஏட்டுக்குத்தான் விலை. உ. வே. சாமிநாதையரவர்கள் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்ட 1887 சர்வஜித்து வருஷந்தான் என்றாலும், அறுபதாண்டுச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி 1947-லும் அதே சர்வஜித்து வந்து நின்றபடியால், வருஷத்தின் நாமத்தை மாத்திரம் நம்பிப் பணத்தை எண்ணி வைப்பவர், பாட்டனாருக்குரிய மரியாதையைப் பேரனுக்குச் செய்தவராவார். பதிப்புரையின் தேதி, அச்சுக்கூடத்தின் பெயர், காகிதத்தின் தன்மை, பைண்டு பிற்காலத்ததா என்பது, குறைந்துபோன ஏடுகள், முன்பு வைத்திருந்தவரின் கையெழுத்து ஆகிய யாவற்றையும் ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சி அரித்த துவாரங்களையும் ஒளிக்காமல் எழுதுங்கள். (பூச்சிக்குப் பதிப்பு பேதம் கிடையாது, கடைக்காரருக்கு உண்டு.) இத்தனையும் பார்த்த பின்பு பிடித்திருந்தால், படிப்பதற்காகத் தாராளமாக வாங்குங்கள், முதற்பதிப்பின் விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.